குழாய்த் தண்ணீர் சொன்ன இருதய ரகசியம்



இன்றைய கருத்துக்களத்தின் தலைப்பு, இருதயம் எப்படித் துடிக்கிறது என்பது. எனக்குப் பின்னால் மருத்துவர்கள் இருவர் பேசவிருக்கிறார்கள். நோயையும் சிகிச்சையையும் பற்றி அவர்கள் சொல்வார்கள். நான் மருத்துவன் அல்லன். மக்கள் தகவல் தொடர்பில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவன். ஆகவே எனக்கு ஒதுக்கிய நேரத்தில் வரலாற்றை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொள்கிறேன். அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தவர் என் அப்பா.

அப்பா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபைன் என்ற மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். நம்மில் பலர் வீட்டு மேசையிலும் இருக்கும் மாத்திரைதான் அது. பக்கத்து வீட்டு மாமா ஒருவர் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, "இது கால்சியத்தைத் தடுக்கிற மருந்து" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அப்பா நெத்திலி சம்பலை நிறுத்தினார். பாலையும் நிறுத்தினார். மருந்து ஒன்றைத் தடுக்கும்போது நாம் அதையே உள்ளே அனுப்பலாமா என்பது அவர் நியாயம். சில வாரங்களில் கணுக்கால் இரண்டும் வீங்கின. உடனே மாத்திரையையும் நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனையில் தாதி இரண்டு முறை அளந்து பார்த்தார். 190க்கு 110.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் அவர் என்னிடம் கேட்டார்: "ஏன்டா, இருதயத்துக்குக் கால்சியம் வேணுமா, வேணாமா? வேணும்னா அதை ஏன் தடுக்கிறாங்க? வேணாம்னா பாலை ஏன் குடிக்கச் சொல்றாங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் வண்டியை ஓட்டினேன். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பாவின் கேள்வியின் முதல் பாதிக்கு விடை காணவே உலகத்து விஞ்ஞானிகளுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது என்று.

இலண்டனில் நின்றுபோன தவளை இருதயம்

1882ஆம் ஆண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் இருந்தார். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். இடையில் நேரம் கிடைத்தால் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவார். தவளையின் இருதயத்தை வெளியே எடுத்து, இரத்தத்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீரைச் செலுத்தி, எந்தெந்த உப்பு அதைத் துடிக்க வைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சமையல் உப்பு கலந்த தண்ணீரிலேயே இருதயம் நன்றாகத் துடித்தது. அதை எழுதி வெளியிட்டும் விட்டார்.

பின்னர் ஒருநாள் அதே சோதனையைச் செய்கிறார். இருதயம் சோர்கிறது, சிறிது நேரத்தில் நின்றே போகிறது. உப்பு அதேதான், அளவும் அதேதான். எங்கே தவறு என்று விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. முந்தைய சோதனைகளுக்கெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைசல் தயாரித்ததாக அவர் நினைத்திருந்தார். ஆனால் ஆய்வுக்கூட உதவியாளர் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீரில் தயாரித்துக் கொடுத்திருந்தார். இலண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கரைந்திருந்தது. சுத்தமான தண்ணீருக்கு மாறியதும் அது போய்விட்டது. இருதயம் நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான்.

ரிங்கர் அதை மறைக்கவில்லை. 1883ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், முன்பு தாம் பயன்படுத்தியது குழாய்த் தண்ணீர் என்பதை ஒப்புக்கொண்டு, கால்சியம் இல்லாமல் இருதயம் துடிக்காது என்பதை எடுத்துச் சொன்னார். தம் தவறையே கண்டுபிடிப்பாக மாற்றிய நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவமனையில் கட்டிலுக்கு மேலே தொங்கும் 'டிரிப்' பையில் 'ரிங்கர்' என்றோ 'ஹார்ட்மன்' என்றோ எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிங்கரின் கரைசலை 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் சற்று மாற்றி அமைத்தார். அந்தப் பைக்குள் இன்றும் கொஞ்சம் கால்சியம் இருக்கிறது.

இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் கால் தசை வேறு விதமாக நடந்துகொண்டது. வெளியே கால்சியம் இல்லாத கரைசலில் வைத்தாலும் அது கொஞ்ச நேரம் சுருங்கி விரிந்தது. தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் அணுக்களுக்குள்ளேயே பைகளில் சேமித்து வைத்திருக்கும் தசை அது. அந்தச் சேமிப்பு அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே, கால்சியம் ஏதோ இருதயத்துக்குத் தேவையான துணைப்பொருள் போலும் என்று உலகம் ஒதுக்கி வைத்துவிட்டது.

போர்க்காலத்து ஹங்கேரி

அடுத்த காட்சி ஹங்கேரி நாட்டின் ஸெகெட் நகரம். வைட்டமின் 'சி' ஆராய்ச்சிக்காக 1937ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி அங்கே தசையை ஆராயத் தொடங்கினார். தசையில் மயோசின் என்ற புரதம் இருப்பது 1864இலேயே ஜெர்மானியரான வில்ஹெல்ம் கூனே சொன்ன செய்தி. அந்த மயோசினே ஏ.டி.பி. என்ற எரிபொருளை உடைக்கிறது என்று 1939இல் சோவியத் நாட்டுத் தம்பதியர் எங்கல்ஹார்ட்டும் லியுபிமோவாவும் காட்டியிருந்தார்கள்.

சென்ட் ஜியார்ஜியுடன் பணியாற்றிய இலோனா பாங்கா என்ற அம்மையார், அரைத்த தசையைக் கரைசலில் இரவு முழுதும் ஊறவிட்டபோது அது கெட்டியான கூழாக மாறியிருந்தது. உடனே வடித்தால் அப்படி ஆவதில்லை. நேரம் கடந்ததால் இன்னொரு புரதமும் கூடவே வெளிவந்திருந்தது. அதைப் பிரித்தெடுத்தவர் இளைஞரான புரூனோ ஸ்ட்ரௌப். அதற்கு ஆக்டின் என்று பெயர். (அதே ஸ்ட்ரௌப் முதுமையில், 1988இல், ஹங்கேரியின் நாட்டுத் தலைவராகவும் ஆனார்.) ஆக்டினும் மயோசினும் சேர்ந்த நூலை ஏ.டி.பி. உள்ள நீரில் போட்டார்கள். உயிரில்லாத அந்த நூல் கண்முன்னே சுருங்கியது.

அப்போது உலகப் போர் உச்சத்தில் இருந்தது. நாஜி எதிர்ப்பில் ஈடுபட்ட சென்ட் ஜியார்ஜி ஒளிந்து வாழ வேண்டிய நிலைக்கு ஆளானார். இந்த முடிவுகளை வெளியுலகம் அறிந்தது போர் முடிந்த பிறகுதான்.

அந்த நூல் எப்படிச் சுருங்கியது? புரதம் ரப்பர் போல் மடிந்து குறுகுகிறது என்றே பலர் நினைத்தார்கள். 1954ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். மற்றதை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். இரு குழுவும் சொன்னது ஒன்றே: எந்த இழையும் குறுகவில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து உள்ளே தள்ளுவதுபோல, மெல்லிய ஆக்டின் இழையும் தடித்த மயோசின் இழையும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. தீபாவளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்டின்தான் கயிறு. மயோசினின் தலைகள் இழுக்கிற கைகள்.

சரி, 'இழு' என்று கட்டளையிடுவது யார்?

யாரும் நம்பாத ஒரு ஜப்பானியர்

கால்சியம்தான் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹைல்பிரன், வியர்சின்ஸ்கி இருவரும் தசைநாருக்குள் நேரடியாகக் கால்சியத்தைச் செலுத்திச் சுருங்க வைத்தார்கள். ஆனால் புரத வேதியியல் அறிஞர்கள் தலையசைக்கவில்லை. ஸெகெட் நகரத்து நூல் கால்சியம் சேர்க்காமலேயே சுருங்கியதே! ஆக்டின், மயோசின், ஏ.டி.பி. மூன்றும் போதும் என்றிருக்க, கால்சியத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கண்டவர்கள் இருவர். அனமரி வெபர் என்ற ஜெர்மானியப் பெண்மணி அமெரிக்காவில் ஆய்வு செய்தார். செட்சுரோ எபாஷி தோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆராய்ந்தவர். கால்சியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்களைக் கரைசலில் சேர்த்து, எஞ்சியிருந்த கால்சியத்தையும் அகற்றிப் பார்த்தார்கள். சுருக்கம் நின்றது. தசைக்கு வேண்டிய கால்சியம் மிக மிகச் சிறிய அளவுதான். நாம் சுத்தம் என்று நம்பும் உப்பிலும் தண்ணீரிலும் ஒட்டியிருக்கும் துளியே அதற்குப் போதும். கால்சியம் சேர்க்கவில்லை என்று மற்றவர்கள் நினைத்த சோதனைகளிலும் அது இருந்தே இருந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் ரிங்கரை ஏமாற்றிய அதே தண்ணீர்க் கதை மறுபடியும்!

எபாஷி இன்னொன்றையும் கவனித்தார். தசையிலிருந்து இயற்கையாக எடுத்த கலவை கால்சியத்தின் பேச்சைக் கேட்டது. ஆக்டினையும் மயோசினையும் தனித்தனியே நன்றாகச் சுத்தம் செய்து சேர்த்தால் அது கேட்கவில்லை. கால்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுருங்கியது. அப்படியானால் சுத்தம் செய்யும்போது ஏதோ ஒன்றைக் கழுவிக் கொட்டியிருக்கிறோம் என்றுதானே பொருள்? மனைவி ஃபுமிகோவும் அந்த ஆய்வில் உடன் உழைத்தார். 1963 முதல் 1965 வரை வந்த கட்டுரைகளில் அந்த மூன்றாவது புரதம் உருவம் பெற்றது. அதற்கு வைத்த பெயர் டிரோபோனின்.

டிரோபோனின் என்ற சொல் உங்களில் பலருக்குப் புதிதன்று. நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால் இரத்தம் எடுத்து முதலில் பார்ப்பது அதைத்தான். இருதயத் தசை அணுக்கள் சேதமடையும்போது அவற்றிலிருக்கும் டிரோபோனின் இரத்தத்தில் கசிகிறது. 1980களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான இந்தச் சோதனை, 2000ஆம் ஆண்டு முதல் மாரடைப்பை உறுதி செய்யும் அளவுகோல்களில் முக்கிய இடம் பெற்றது. தோக்கியோவில் கண்டறிந்த ஒரு புரதத்தின் பெயரை இன்று கிள்ளானிலும் ஈப்போவிலும் தாதியர் சரளமாகச் சொல்கிறார்கள்.

டிரோபோனின் செய்கிற வேலை இதுதான். ஓய்வு நேரத்தில், கைகள் பிடிக்க வேண்டிய இடங்களைக் கயிற்றின் மேல் கிடக்கும் ஓர் உறை மூடியிருக்கிறது. கால்சியம் வந்து டிரோபோனினில் அமர்ந்ததும் உறை விலகுகிறது. தயாராக நிற்கும் கைகள் பிடித்து இழுக்கின்றன. கால்சியம் விலகியதும் உறை மூடிக்கொள்கிறது. இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 இலட்சம் முறை இதைச் செய்கிறது.

இரத்தக் குழாய் வேறு பாடம் சொன்னது

இரத்தக் குழாய், குடல், கருப்பை ஆகியவற்றின் சுவரில் இருப்பது வழவழப்பான தசை. இருதயத் தசையில் உள்ள வரிகள் அதில் கிடையாது. அதுவும் கால்சியத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஆகவே அங்கேயும் டிரோபோனின் இருக்கும் என்று தேடினார்கள். இல்லை.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், அடல்ஸ்டைன் போன்றோரின் ஆய்வுக்கூடங்களும் ஐரோப்பாவில் சோபியஷெக்கும் விடையை நெருங்கினார்கள். இங்கே கயிற்றை எந்த உறையும் மூடவில்லை. இழுக்க வேண்டிய கைகள்தாம் தூங்குகின்றன. கால்சியம் உள்ளே வந்ததும் கால்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அந்தச் சோடி ஒரு நொதியைக் கிளப்பிவிடுகிறது. நொதி ஒவ்வொரு மயோசின் தலையிலும் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி எழுப்புகிறது. எழுந்த பிறகுதான் இழுப்பு. இத்தனை படிகள் இருப்பதால் வேலை மெதுவாக நடக்கிறது. எழுந்த கைகள் பிடித்த பிடியை எளிதில் விடுவதுமில்லை. 1981இல் வர்ஜீனியாவில் மர்ஃபியின் குழு, பாஸ்பேட் குறைந்த பிறகும் குழாய்ச் சுவர் பிடியைத் தளர்த்தாமல், மிகக் குறைந்த எரிபொருளில் இறுக்கத்தைக் காப்பதைக் காட்டியது. நாள் முழுதும் இரத்த அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டிய சுவருக்கு இது பெரிய வசதி. இறுக்கம் அளவுக்கு மீறினால் அதுவே இரத்தக் கொதிப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விளக்கத்தை ஏற்காமல் வெகு காலம் வாதாடியவர் எபாஷி. வழவழப்பான தசைக்கும் டிரோபோனின் போன்ற ஒரு புரதம் இருக்கிறது என்று சொல்லி, அதற்கு 'லியோடோனின்' என்ற பெயரும் வைத்தார். அது நிலைக்கவில்லை. ஒருமுறை உலகமே மறுத்தும் வென்றவர், மறுமுறையும் அப்படியே நடக்கும் என்று எண்ணியிருக்கலாம். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

குழாய்ச் சுவர் தளர்கிற கதையும் ஒரு தவறில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயல்களின் பெருந்தமனித் துண்டுகளில் ஆய்வு செய்துவந்தார். அவர் கைப்பட்ட துண்டுகள் அசிட்டைல்கோலின் பட்டால் சுருங்கும். 1978இல் உதவியாளர் ஒருவர் சோதனையின் படிகளை மாற்றிச் செய்துவிட, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. துண்டுகளைத் தயாரிக்கும்போது உட்புறத் தோலை அறியாமல் தேய்த்து நீக்கிவிட்டதே இத்தனை ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. அந்த உட்தோலிலிருந்து வரும் தளர்வுச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. அது தசைக்குள் கால்சியத்தைக் குறைத்து, ஒட்டிய பாஸ்பேட்டையும் கழற்ற வழி செய்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் உடலுக்குள் இதே வாயுவாகத்தான் வேலை செய்கிறது என்பதை 1977இலேயே ஃபெரிட் முராட் காட்டியிருந்தார். 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே நைட்ரோகிளிசரினை வெடிமருந்தாக்கிப் பணம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சு வலிக்கு மருந்தாக அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

நம்மவர் தொடர்பு ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. இருதயத் தசையில் மயோசினின் கைகளை அடக்கிவைக்க உதவும் இன்னொரு புரதம் இருக்கிறது. அதை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் 100க்கு ஏறக்குறைய 4 பேரிடம் இருப்பதாக 2009ஆம் ஆண்டு ஒரு குழு கண்டறிந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணியும் ஐதராபாத்தின் தங்கராஜும் அக்குழுவில் இருந்தவர்கள். அந்த மாற்றம் இருதயச் செயலிழப்பு அபாயத்தை உயர்த்துகிறது என்றார்கள். பயந்துவிட வேண்டாம். அது உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. கூடவே இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியினரையே கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று 2018இல் வந்த ஆய்வு சொன்னது. குடும்பத்தில் இளவயது இருதய மரணம் நடந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். 1960களில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்பர்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் சில புதிய மருந்துகளை ஆராய்ந்தார். அவை பட்ட இருதயம், கால்சியத்தை எடுத்துவிட்டது போலவே சோர்ந்தது. கால்சியம் கூட்டிக் கொடுத்ததும் தெளிந்தது. ரிங்கரின் தவளையேதான்! அணுவின் சுவரிலுள்ள கால்சிய வாசலை அம்மருந்துகள் அடைத்தன. அந்த வழியில் வந்ததுதான் அப்பாவின் மாத்திரை.

இருதயத் தசை தனக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதியைத் தன் உட்பைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வாசல் வழியே வரும் சிறு அளவு, பையைத் திறக்கும் சாவி மட்டுமே. குழாய்ச் சுவரோ வாசல் வழி வருவதை அதிகம் நம்பியிருக்கிறது. அம்லோடிபைன் வகை மருந்து குழாய்ச் சுவரின் வாசலையே அதிகம் பற்றுகிறது. ஆகவே குழாய் தளர்கிறது. இருதயம் தன்பாட்டுக்குத் துடிக்கிறது. வெராப்பமில் போன்ற வேறு சில மருந்துகள் இருதயத்தின் வேகத்தையும் குறைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்கக்கூடாது.

நெத்திலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உணவில் சாப்பிடும் கால்சியம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இரத்தத்தில் அதன் அளவைச் சுரப்பிகள் பொதுவாகக் காத்துக்கொள்கின்றன. கால் வீங்கியதும் இருதயம் கெட்டதால் அன்று. மாத்திரை சிறு தமனிகளைத் தளர்த்துகிறது. ஆனால் சிரைகள் அந்த அளவுக்குத் தளர்வதில்லை. இடையில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

இவ்வளவையும் அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது சொன்னேன். ரிங்கரின் குழாய்த் தண்ணீர்க் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டார். "அந்த உதவியாளருக்குப் பரிசு ஏதும் கொடுத்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்து, கூடவே வேறொரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது. சென்ற வாரம் 136க்கு 82. அம்மா நெத்திலியில் உப்பை அலசிவிட்டுத்தான் சமைக்கிறார்.